ஆர்லோ கடையில் நிற்கும் துப்பாக்கி

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, தன்னுடைய ஐம்பத்தேழாவது வயதில், ஹாலிஸ் ப்ரெக் முதல்முறையாக ஒரு கடையில் நின்று துப்பாக்கி வாங்கினான். வாங்கினான் என்று சொல்வதுகூடத் தப்புதான். விலையைக் கொடுத்தான், படிவத்தை நிரப்பினான், கையெழுத்துப் போட்டான். துப்பாக்கி மட்டும் கைக்கு வரவில்லை.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்துமூன்றில் வந்த மாடல் அது. அசல் வேண்டுமென்றால் நல்ல டிரக் ஒன்றின் விலையாகும். அதை வாங்கிச் சுவரில் மாட்டலாமே தவிர, மாதம் ஐந்நூறு தோட்டா சுட முடியாது. அதனால் போட்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் நகலைத்தான் வாங்குகிறார்கள். இத்தாலிக்காரர்கள் அச்சு அசலாகச் செய்து அனுப்புகிறார்கள். எட்டுப் பட்டைக் குழல், நீலமும் பழுப்புமாக நிறம் ஏற்றிய இரும்பு, வால்நட் மரக்கட்டை. அடியில் இருக்கும் லீவரை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் சுட்ட தோட்டாக் கூடு வெளியே குதிக்கும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். கடைக்கார ஆர்லோ அதைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தபோது ஹாலிஸின் கை துறுதுறுவென்றது. ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் தொட்டான்.

"லீவர ஆட்டிப் பாக்கலாமா?"

"உன் துப்பாக்கிதானே தம்பி, ஆட்டு" என்றார் ஆர்லோ. அவருக்கு எழுபது வயது. எல்லோரும் அவருக்குத் தம்பிதான்.

ஆட்டினான். புதுத் துப்பாக்கி, கொஞ்சம் பிகுவாகத்தான் இருந்தது. பத்து நாள் பழகினால் வெண்ணெயாகிவிடும். பிறகு ஆர்லோ படிவத்தை நகர்த்தி வைத்தார். ஹாலிஸ் பேனாவை எடுத்தான், வியர்க்க ஆரம்பித்தது.

அவன் வீட்டில் ஏழு துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒன்றுகூடக் கடையில் வாங்கியதில்லை. எல்லாம் பண்ணை ஏலத்திலோ, யாராவது டிரக்கின் பின்கதவை இறக்கி வைத்துக்கொண்டு விற்கும்போதோ கைமாறியவை. எங்கள் மொன்டானா மாநிலத்தில் தனி ஆளிடம் வாங்கினால் காகிதம் கிடையாது, கேள்வி கிடையாது. பணத்தைக் கொடுத்து, கைகுலுக்கிவிட்டுப் போகவேண்டியதுதான். ஹாலிஸுக்குப் பழைய சாமான் மேல் ஆசை என்று ஊரில் நினைத்தார்கள். சிலர் கஞ்சன் என்றும் சொன்னார்கள். இரண்டும் இல்லை. அவன் ஓடி ஒளிந்தது இந்தப் படிவத்திடமிருந்துதான். அதில் ஒரு கேள்வி இருக்கிறது: மனைவியையோ குடும்பத்தாரையோ அடித்த குற்றத்துக்காக எந்த நீதிமன்றமாவது உங்களுக்குத் தண்டனை கொடுத்ததுண்டா?

'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டான்.

ஆர்லோ படிவத்தைக் கம்ப்யூட்டரில் தட்டி, அரசாங்கத்தின் குற்றப் பதிவேட்டுக்கு அனுப்பினார். அங்கிருந்து மூன்றே மூன்று பதில்தான் வரும். கொடு. பொறு. கொடுக்காதே. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இரண்டு நிமிஷத்தில் 'கொடு' வந்துவிடும். ஹாலிஸுக்கு 'பொறு' வந்தது.

"சில சமயம் இப்பிடித்தான் இழுக்கும்" என்று ஆர்லோ துப்பாக்கியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். "மூணு வேலை நாள் போயும் பதில் வரலைன்னா நான் குடுக்கலாம்னு சட்டம். ஆனா என் கடையில அந்தப் பழக்கம் இல்ல. பதில் வரணும். கோவிச்சுக்காத."

"சேச்சே, இதுல என்ன கோவம்" என்று சொல்லிவிட்டு ஹாலிஸ் வெளியே வந்தான். டிரக் சாவியைக் கடைக்குள்ளேயே விட்டுவிட்டு வந்து, மறுபடி உள்ளே போய் எடுத்தான். அப்போதே உள்ளே இருந்த மூன்று பேரும் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

அவனுக்கு இந்தச் சனிக்கிழமை கல்யாணம். இருபது மைல் தள்ளி மலையடிவாரத்தில் கிளப் மைதானம் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய தொப்பியும் பூட்ஸும் கவுனுமாக வந்து, இரும்புத் தட்டுகளை நேரம் குறித்துச் சுடுவார்கள். சேரும்போதே ஒரு புதுப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள். நிஜப் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள். ஹாலிஸ் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'சாந்த டீக்கன்'. டீக்கன் என்றால் சர்ச்சில் பாதிரியாருக்கு அடுத்த ஆள். மார்வா டில்டன் வைத்துக்கொண்டது 'கடுகு ஆனி'. இரண்டு வருஷம் அவளுக்கு இவன் வெறும் டீக்கன்தான். மூன்றாவது வருஷம் காபி குடிக்கப் போனபோதுதான் ஹாலிஸ் என்று தெரியும். அதன்பிறகு இன்னும் மூன்று வருஷம் போய், இப்போது சனிக்கிழமை போட்டியில் கடைசித் தட்டு விழுந்ததும், அதே மைதானத்தில், அதே உடுப்பில் மோதிரம் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. கிளப்பில் ஒரு பாதிரியாரும் இருக்கிறார். நிஜப் பாதிரியார்.

மார்வாவிடம் இதே மாடல் துப்பாக்கி இருக்கிறது. ஜோடியாகச் சுடும் பிரிவில் இருவரும் பெயர் கொடுத்திருந்தார்கள். ஹாலிஸ் ஒரு வருஷமாகப் பழைய நகல் ஒன்று கைமாற்றாகக் கிடைக்குமா என்று தேடி அலுத்துவிட்டான். வைத்திருக்கிறவன் எவனும் விற்பதாயில்லை. "கடையில போய் வாங்கித் தொலையேன்யா, என்ன யோசன?" என்று மார்வா கேட்டாள். போனான்.

லீவர் வளையம் வேகமாக ஆட்டும்போது விரல் முட்டியை உரித்துவிடும். அதற்காகத் தோல் பட்டை சுற்றுவார்கள். மார்வா எல்க் மான் தோலை மெல்லிசாக வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலோடு அவனிடம் கொடுத்திருந்தாள். துப்பாக்கி வந்ததும் சுற்ற வேண்டியது. அது அவன் சட்டைப் பையில் கிடந்தது. செவ்வாய் முழுதும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலை காபிக் கடையில் காலை வைத்ததுதான் தாமதம், 'தகர டப்பா' பிடித்துக்கொண்டான். அவன் ஊர் பிளம்பர். கிளப்பில் அவன் வாய்க்குத் தப்பினவர்கள் கிடையாது.

"வாங்க டீக்கன் சாமி, எந்த பேங்க்ல கை வச்சீங்க? எங்களுக்கும் பங்கு உண்டா?"

கடையே சிரித்தது. மார்வாவும் அங்கேதான் இருந்தாள். அவளும் சிரித்தாள்.

"எனக்குத் தெரியும் விஷயம்" என்றான் தகர டப்பா. "படிவத்துல பேருன்னு கேட்ட எடத்துல சாந்த டீக்கன்னு எழுதியிருப்பான். சிரிக்காதீங்கப்பா, நானே ஒருவாட்டி கார் இன்சூரன்ஸ்ல தகர டப்பான்னு கையெழுத்துப் போட்டவன்."

"எம்பேர்ல வேற எவனாவது இருப்பான்" என்றான் ஹாலிஸ். "அவன் பண்ண வேலைக்கு என்ன நிறுத்தி வச்சிருக்காங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். போன வருஷம் ஒருத்தனுக்கு அப்படித்தான் ஆயிற்று என்று ஒருவர் சாட்சியும் சொன்னார். பொய் இவ்வளவு லகுவாக வாயில் வருமென்று ஹாலிஸ் நினைக்கவில்லை. தட்டில் இருந்த ஆப்பிள் பலகாரத்தைக் கிளறிக் கிளறி வைத்துவிட்டு எழுந்தான்.

கேஸ் லாரி ஓட்டுவது அவன் வேலை. பண்ணை பண்ணையாகப் போய்க் குளிர்காலத்துக்குத் தொட்டியை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அன்று இரண்டு பண்ணையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தான். ஒரு வீட்டில் ரசீதைக் கொடுக்க மறந்தான். மூன்றாவது வீட்டு நாய்க்கு அவனை ஆறு வருஷமாகத் தெரியும். அதுகூட அன்று குரைத்தது.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், நெப்ராஸ்காவில் ரயில் யார்டில் வேலை பார்த்தபோது, அவனுக்கு டெனிஸ் என்று ஒரு மனைவி இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டு அவளை முஷ்டியால் அடித்தான். பல் ஒன்று உடைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டார். மறுநாள் கோர்ட்டில் ஒரு வக்கீல் காகிதத்தை நீட்டி, இதில் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். போட்டான். அபராதம் கட்டினான். அந்தக் காகிதத்தில் மனைவியை அடித்தான் என்று எழுதியிருந்ததா, ஊர் அமைதியைக் கெடுத்தான் என்று எழுதியிருந்ததா, அவன் படிக்கவில்லை. படிக்கிற நிலையில் இல்லை. பிறகு டெனிஸ் போனாள், குடி போனது, ஊரும் போனது. காகிதம் மட்டும் அங்கேயே இருந்தது. முதல் விதமாக எழுதியிருந்தால் ஆயுசுக்கும் அவன் துப்பாக்கியைத் தொடக்கூடாது. வீட்டில் இருக்கும் ஏழும் குற்றம். செவ்வாய்க்கிழமை போட்ட குறி அதைவிடப் பெரிய குற்றம்.

இதெல்லாம்கூட அவனுக்கு இரண்டாம் பட்சம். மார்வாவுக்குத் தெரிந்துவிடும். அதுதான் அவனை உட்காரவிடாமல் அடித்தது.

புதன் மதியம் சாலையோரம் லாரியை நிறுத்தி அந்த நெப்ராஸ்கா கோர்ட்டுக்குப் போன் செய்தான். பாட்டுப் போட்டார்கள். ஏழு நிமிஷம் பாட்டுக் கேட்டான். ஒரு பெண் வந்து, "பேரு, பொறந்த தேதி சொல்லுங்க" என்றாள். வைத்துவிட்டான். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போட்டான். மறுபடி பாட்டு. மறுபடி வைத்தான். ஆள் ஆறடி இரண்டு அங்குலம், கேஸ் குழாயைத் தனியாகத் தோளில் தூக்குகிறவன். பிறந்த தேதி சொல்லத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, நாற்பது மைல் தள்ளி ஒரு பண்ணையில் தொட்டிக்குக் குழாயை மாட்டிக்கொண்டிருந்தபோது மார்வா கூப்பிட்டாள்.

"ஆர்லோகிட்ட கேட்டேன். இன்னும் ஒண்ணும் வரலையாம். நான் ஒரு முடிவு பண்ணிட்டேன், கேளு. ஒரு மணிக்கு எனக்கு சாப்பாட்டு நேரம். ஆர்லோ கடைக்குப் போயி, உன் பணத்தத் திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டு, என் காசப் போட்டு என் பேர்லயே வாங்கிடறேன். கல்யாணப் பரிசு. எனக்கு ரெண்டு நிமிஷத்துல வந்துடும்."

"வேணாம் மார்வா."

"ஏன் வேணாம்? புருஷனுக்குப் பொண்டாட்டி பரிசு குடுக்கறதுல சட்டத்துக்கு என்ன வலி?"

"வேணாம்னா விடேன்."

"நீ ஒருத்தன்! யாராவது ஒண்ணு குடுத்தா வாங்கிக்கத் தெரியாது உனக்கு. பேசாம இரு, நான் பாத்துக்கறேன்."

அவன் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. கடையில் இறைச்சி வெட்டுகிற நேரத்தில் அவள் போனை எடுக்க மாட்டாள்.

தடை உள்ளவனுக்குத் தெரிந்தே துப்பாக்கி வாங்கிக் கொடுத்தால் வாங்கினவர் உள்ளே போக வேண்டும். அவளுக்குத் தெரியாதுதான். ஆனால் அவனுக்குத் தெரியுமே. பாவி, அவள் கையையும் சேர்த்துக் கறையாக்கப் பார்த்தாயே என்று தன்னையே வைதுகொண்டான். குழாயைக் கழற்றிச் சுருட்டினான். தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. பண்ணைக்காரர் வாசலில் வந்து, "என்னப்பா, கெளம்பிட்ட?" என்று கத்தினார். சாயங்காலம் வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தான். கேஸ் லாரியை வேகமாக ஓட்டக்கூடாது. ஓட்டினான்.

மார்வா வேலை செய்வது வேட்டை இறைச்சி வெட்டிக் கொடுக்கும் கடையில். வில் வேட்டைக் காலம் ஆரம்பித்துவிட்டதால் கொக்கி முழுக்க எல்க் மான்கள் தொங்கின. அவன் பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். மார்வா தனியாக நின்று இறைச்சித் துண்டுகளை வெள்ளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். குள்ளமான பெண். மேஜை எட்டுவதற்காகக் காலடியில் ஒரு பலகை போட்டிருப்பாள்.

"லாரிய எங்க விட்ட? என்னாச்சு? மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

"நீ அங்க போய்க் கையெழுத்துப் போடக்கூடாது."

"இதச் சொல்லவா நாப்பது மைல் வந்த?"

"நான் ஒரு பொண்ண அடிச்சிருக்கேன் மார்வா. டெனிஸ. மொத சம்சாரத்த. கோர்ட்டுக்குப் போயிருக்கு. அதனாலதான் 'பொறு'ன்னு வந்திருக்குன்னு நெனக்கிறேன். வேற எவன் பேரும் இல்ல, நான்தான்."

மார்வா கையில் இருந்த துண்டைச் சுற்றி முடித்தாள். நாடா ஒட்டினாள். பேனாவால் அதன்மேல் தேதி எழுதினாள். அடுத்த துண்டை எடுத்தாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"எத்தன தடவ?" என்றாள்.

"ஒரு தடவ."

"எல்லாரும் ஒரு தடவன்னுதான் சொல்லுவாங்க. எங்க அக்கா வீட்டுக்காரனும் அதத்தான் சொன்னான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஹாலிஸ் சட்டைப் பையில் கையை விட்டுத் தோல் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு" என்றான். "போலீஸ் வந்தது ரெண்டாவதுக்கு. மொதல் தடவ யாருக்கும் தெரியாது. சத்தியமா ரெண்டுதான்."

"இப்ப ஒரு நிமிஷம் முன்னால ஒண்ணுன்னு சொன்னப்பவும் சத்தியம் மாதிரிதான் இருந்துச்சு."

அவன் பைக்குள்ளேயே தோல் பட்டையை விரலில் சுருட்டினான்.

"டீக்கன் சரி. சாந்தம்னு ஏன் வச்சுக்கிட்ட?" என்று கேட்டாள். "நானா வச்சேன்? நீயாதான வச்சுக்கிட்ட."

"அப்பிடி இருக்கணும்னு ஆசைப்பட்டேன். இருந்தேன் மார்வா. அஞ்சு வருஷமா நீ பாத்துக்கிட்டுதானே இருக்க."

"பாத்தேன். அதனாலதான் கேக்கறேன். நான் கையெழுத்துப் போடப் போறேன்னு இன்னிக்கு சொல்லாம இருந்திருந்தா, நீ இதச் சொல்லியிருப்பியா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுக் காபிக் கடையில் வந்த மாதிரி வாயில் ஒன்று வந்தது. விழுங்கினான்.

"மாட்டேன்."

"சனிக்கிழமை மோதிரம் மாட்டியிருப்ப."

"ஆமா."

மார்வா பேனாவை மூடி வைத்தாள். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. ஆர்லோவின் பெயர். அவன் அதை எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"எடு" என்றாள். "எனக்கும் கேக்கற மாதிரி வையி."

வைத்தான். ஆர்லோவின் குரல் அந்தக் குளிர்ந்த அறை முழுக்கக் கேட்டது.

"தம்பி, வந்துடுச்சுப்பா! 'கொடு'ன்னு வந்துடுச்சு. நான்தான் சொன்னேனே, சும்மா இழுப்பாங்கன்னு. உம்மேல ஒண்ணும் கெடையாது. சுத்தம். வந்து தூக்கிட்டுப் போ, சனிக்கிழமை தட்டெல்லாம் பறக்கட்டும். கல்யாணப் பொண்ணுகிட்டயும் சொல்லிடு, அவ வர வேண்டாம்."

"சரி ஆர்லோ" என்றான் ஹாலிஸ். போனை அணைத்தான்.

முப்பத்திரண்டு வருஷமாக அவன் பயந்த காகிதத்தில் ஒன்றுமே இல்லை. நாற்பது மைல் பறந்து வராமல், அந்தப் பண்ணையிலேயே நின்று நிதானமாகத் தொட்டியை நிரப்பியிருந்தால் போதும். எல்லாம் தானாக முடிந்திருக்கும். அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கே அவன்மேல் அருவருப்பாக இருந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மார்வா பலகையை விட்டு இறங்கினாள். இறங்கியதும் அவன் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டாள். ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனைக் கண்டு நகர்ந்ததில்லை.

"அந்தத் தோல் பட்டையக் குடு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவன் கை வியர்வையில் அது நனைந்து சுருண்டிருந்தது. அவள் அதை நீவி, மடித்து, ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

"மார்வா, அவங்களே 'கொடு'ன்னு சொல்லிட்டாங்க."

"துப்பாக்கியக் குடுன்னு சொன்னாங்க. போயி வாங்கிக்க." அவள் மறுபடி பலகைமேல் ஏறி, அடுத்த துண்டை இழுத்து வைத்துக்கொண்டாள். "நான் இன்னும் 'பொறு'தான்."

"சனிக்கிழமை வரைக்குமா?"

"அவங்களுக்கு மூணு நாளுன்னு சட்டம் இருக்கு" என்றாள், காகிதத்தை உருவிக்கொண்டே. "எனக்கு அப்பிடி ஒண்ணும் இல்ல."